சர்க்கரைக் கரியும் சாய நீரும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், தேவிகாபுரத்தில் ஆற்றிய உரை)

 

சங்கத்தின் செயலாளர் பத்து நாட்களுக்கு முன் எம் இல்லம் வந்து, “வெள்ளி விழாவில் தாங்கள் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும்” என்றார். யாம் கல்லூரியில் பயின்றது வரலாறு; வேதியியல் அன்று. ஆதலின் கரியையும் அமிலத்தையும் குறித்து யாம் இன்று கூறப்போவன எல்லாம், எம் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் மாணவரைப் போல் அமர்ந்து கேட்டறிந்தவையும், நூல்களிற் படித்தவையும், பள்ளி ஆய்வுக்கூடத்தில் எம் கண்ணாற் கண்டவையுமே ஆகும். பிழை இருப்பின் எம்மைச் சார்ந்தது. அந்த ஆசிரியரைச் சார்ந்ததன்று.

வரலாற்று ஆசிரியர் வரலாற்றிலிருந்தே தொடங்குதல் இயல்பு. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், மகாராட்டிரத்து மகாடு என்னும் ஊரில், டாக்டர் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களுடன் ஊர்வலமாகச் சென்று சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். இதனை நம்மில் பலரும் அறிவர். அதன் பின் நிகழ்ந்ததைப் பலரும் நினைவில் வைப்பதில்லை. குளம் ‘தீட்டுப்பட்டுவிட்டது’ என்று கூறி, ஆதிக்க சாதியார் பால், தயிர், சாணம், கோமியம் ஆகியவற்றைக் குடங்குடமாகக் குளத்திற் கொட்டி அதனைத் ‘தூய்மை’ செய்தனர். அந்தக் குளத்தில் நம் மக்களுக்குள்ள உரிமையை மும்பை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது 1937ஆம் ஆண்டில்தான்.

இந்நிகழ்ச்சியைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். மனிதன் அள்ளிப் பருகியதால் கெடாத நீர், சாணத்தைக் கொட்டியதால் கெட்டது. கெடுத்தவர்களோ தூய்மை செய்தோம் என்று மகிழ்ந்தனர். தீட்டு என்பதற்கு அளவுகோல் இல்லை. ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் தீட்டு உள்ளது என்று எந்த ஆய்வுக்கூடமும் சொன்னதில்லை. மாசு அத்தகையதன்று. மாசினை அளக்கலாம், எடை போடலாம், எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம், நீக்கவும் செய்யலாம். நம்மைத் தீட்டு என்று ஒதுக்கியவர்கள், தாங்கள் வெளியேற்றிய மாசு நம் குடியிருப்பின் பக்கம் ஓடுவதைப் பற்றி வாய் திறந்ததில்லை. தாழ்ந்த நிலம் நமக்கு ஒதுக்கப்பட்டது. சாக்கடையும் தாழ்ந்த நிலத்தை நோக்கியே ஓடும்.

ஆண்டுகள் பல கடந்தன. ஊரின் பெயர் வேண்டா. யாம் முன்பு பணியாற்றிய ஊர் ஒன்றில் சாயப்பட்டறை ஒன்று இருந்தது. அதன் கழிவு வாய்க்கால் நம் மக்கள் வாழும் காலனிக்குப் பின்புறம் வந்து முடியும். கோடையில் அந்தக் காலனிக் கிணற்றில் வாளியை இறக்கினால், வெளிறிய மஞ்சள் நிறத்தில் நீர் வரும். மாணவர் சிலருடைய வெள்ளைச் சட்டைகள் மஞ்சளாகவே இருப்பது கண்டு, துவைப்பதில்லையா என்று யாமே கடிந்துகொண்டதுண்டு. பின்னரே உண்மை விளங்கிற்று, வெட்கினோம். உரிய அலுவலகத்திற்கு மனு எழுதிக் கொடுத்தோம். “நிறந்தானே ஐயா, நஞ்சில்லையே?” என்று கேட்டார் ஒருவர். நஞ்சா இல்லையா என்று விடை சொல்ல எம்மிடம் ஓர் எண்ணும் இல்லை. எந்தச் சாயம், எவ்வளவு, எந்த நாளில் எடுத்த நீர் என்ற மூன்று வினாக்களுக்கு எம் மனுவில் விடையில்லை. ‘தண்ணீர் மஞ்சளாக வருகிறது’ என்ற ஒரு வரியே இருந்தது. அந்த மனு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கவே தேவையில்லை.

அந்த நாள் தொட்டு நிறமுள்ள நீரைக் காணுந்தோறும் எமக்கு அந்த மனு நினைவிற்கு வருகிறது. நம் தேவிகாபுரம் பட்டு நெசவிற்குப் பெயர்பெற்ற ஊர். பாவு, ஊடை, சரிகை என்பன நம் பிள்ளைகள் பள்ளியிற் சேருமுன்பே அறிந்த சொற்கள். பட்டு உள்ள இடத்திற் சாயம் உண்டு. சாயம் உள்ள இடத்திற் சாய நீரும் உண்டு. எனவே சாய நீரிலிருந்து சாயத்தைப் பிரிக்கும் ஒரு வழியைப் பற்றிப் பேசுவது இவ்வூர் மேடைக்குப் பொருந்தும் எனக் கருதினோம். அந்த வழிக்குக் கருவியாவது கரி. அதிலும் வியப்புக்குரிய ஒரு கரி. நாம் காப்பியிற் கலந்து குடிக்கும் சர்க்கரையிலிருந்து செய்யப்படுவது.

கரி நீரைத் தெளிவிக்கும் என்பது பழைய அறிவு. மூன்று பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றில் மணலும் மற்றொன்றிற் கரியும் இட்டு நீரை வடிக்கும் முறையை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விடுவதும் வழக்கம். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. தேற்றாங்கொட்டை கலங்கல் துகள்களை ஒன்றுசேர்த்து அடியிற் படியச் செய்யும். கரியோ கண்ணுக்குத் தெரியாமற் கரைந்து நிற்கும் பொருளையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மேனாட்டில் இதனை முறைப்படி ஆராய்ந்தவர்களுள் ஷீலே என்பார், கரி வாயுக்களைக் கவர்வதை 1773இல் கண்டார். புனித பீட்டர்சுபர்கில் இருந்த லோவிட்சு என்பார், நிறமேறிய கரைசலைக் கரித்தூள் வெளுக்கச் செய்வதை 1785இல் கண்டார். 1811இல் பிரான்சு நாட்டுப் பிகியே என்பார், மரக்கரியைவிட எலும்புக்கரி நன்றாக நிறம் நீக்கும் என்று காட்டினார். அது முதல் ஐரோப்பியச் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலைகளில், பழுப்பு நிறப் பாகு எலும்புக்கரியின் ஊடே செலுத்தப்பட்டு வெள்ளைச் சர்க்கரையாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் செல்ல எமக்கு மனம் வரவில்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் எலும்பு பொறுக்குவதும் யார் தலையிற் சுமத்தப்பட்ட தொழில்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எலும்பைத் தொட்டவன் தீண்டத்தகாதவன். எலும்புக்கரியில் வெளுத்த சர்க்கரையோ மேனாட்டு மேசைகளில் எல்லாம் இடம்பெற்றது! இது கிடக்க. அன்று கரி சர்க்கரையை வெளுத்தது. இன்று சர்க்கரையே கரியாகி நீரை வெளுக்கிறது.

கரி எவ்வாறு பிடிக்கிறது? பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போன்றதன்று இது. உறிஞ்சுதலில் பொருள் உள்ளே பரவிக் கலந்துவிடும். கரியிலோ மாசு அதன் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதனைப் ‘பரப்புக் கவர்தல்’ என்பர். அப்படியாயின் பரப்பு மிகுந்தால் பிடிப்பும் மிகும். அடுப்புக் கரியை உடைத்து உருப்பெருக்கியில் நோக்கின் துளைகள் தெரியும். அத்துளைகளின் சுவர்களிலும் துளைகள், அவற்றுள்ளும் துளைகள் என்று ஆக்குவதற்காக, கரியை மிகு வெப்பத்தில் நீராவியாலோ வேதிப்பொருளாலோ பக்குவம் செய்வர். அதுவே கிளர்வூட்டிய கரி. முதல் உலகப் போரில் நச்சுவாயுத் தடுப்பு முகமூடிகளில் கொட்டாங்கச்சிக் கரி பயன்பட்டதும் இந்தத் தன்மையினாலேயே.

நல்ல கிளர்வூட்டிய கரி ஒரு கிராம் எடுத்து, அதன் துளைச் சுவர்கள் அனைத்தையும் விரித்துப் பரப்ப முடியுமானால், சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 25 சென்ட். மூன்று சென்ட் மனைப்பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகப் படிகளை எத்தனை முறை ஏறி இறங்கினோம் என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர். ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட் இருக்கிறது என்று அறிவியல் ஆசிரியர் சொன்னபோது, யாம் முதலில் நம்பவில்லை. தாளிற் கணக்கிட்டுக் காட்டிய பின்பே நம்பினோம்.

இனிச் சர்க்கரைக்கு வருவோம். சர்க்கரையின் ஒரு மூலக்கூற்றில் 12 கரி அணுக்கள், 22 நீரக அணுக்கள், 11 உயிரக அணுக்கள் உள்ளன. 22 நீரகமும் 11 உயிரகமும் சேர்ந்தால் 11 நீர் மூலக்கூறுகள். ஆக, சர்க்கரை என்பது கரியும் நீரும் ஒன்றுகூடிய பொருள் போன்றது. நீரை அகற்றிவிட்டால் எஞ்சுவது கரி. 342 கிராம் சர்க்கரையிற் கரியின் பங்கு 144 கிராம். எனவே ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து, ஒரு துளியும் வீணாகாவிடினும், 421 கிராமுக்கு மேற் கரி கிடைக்காது. நடைமுறையில் இதனினும் குறையும்.

நீரை அகற்ற மூன்று வழிகள் உள. காற்றுப் புகாமற் சூடேற்றுவது ஒன்று. அடர் கந்தக அமிலத்தை ஊற்றுவது இரண்டாவது. அது நீரின்மேல் அடங்காத வேட்கையுள்ள அமிலம். சர்க்கரையிலிருந்து நீரைப் பறித்துக்கொள்ள, கரி பொங்கிப் புற்றுப்போல் எழும். மூன்றாவது வழி விந்தையானது. சர்க்கரைக் கரைசலை எஃகுக் கலத்தில் இறுக மூடி 180 பாகைக்கு மேல் பல மணி நேரம் சூடேற்றினால், நீருக்குள்ளேயே சர்க்கரை கரியாகி நுண்ணிய உருண்டைகளாகப் படிகிறது. நீருக்குள் கரியாக்கும் இத்தகைய முறையை 1913ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தவர் செருமானிய அறிஞர் பெர்கியசு. பின்னர் 1931இல் நோபல் பரிசு பெற்றவர். இளைஞர்கள் யாரும் வீட்டுக் குக்கரில் இதனைச் செய்து பார்க்க முனைய வேண்டா. குக்கர் ஏறக்குறைய 120 பாகைக்காகச் செய்யப்பட்டது. 180 பாகையில் நீராவியின் அழுத்தம் அதனைப் பிளந்துவிடும்.

இந்த ஆராய்ச்சி எங்கோ கடல் கடந்த நாட்டில் மட்டும் நடைபெறுவதன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியர் தலப்பில் பிரதீப் அவர்களும் அவருடன் பணியாற்றியோரும் கரும்புச் சர்க்கரையிலிருந்து நீரைத் தூய்மை செய்யும் பொருள் ஒன்றைச் செய்து, 2012ஆம் ஆண்டில் அதனை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். சர்க்கரைக் கரைசலை மணலுடன் கலந்து உலர்த்தினர். பின்னர்க் காற்றை நீக்கி நைட்ரசன் வாயுச் சூழலில் சுமார் 750 பாகை வரை சூடேற்றினர். சர்க்கரை உருகி ஒவ்வொரு மணலின் மேலும் கரிப்பூச்சாகப் படிந்தது. கந்தக அமிலத்தால் அதற்குக் கிளர்வூட்டினர். அந்தப் பூச்சு கிராபீன் என்னும் வகையைச் சார்ந்தது. கிராபீன் என்பது ஓர் அணுவின் கனமே உள்ள கரித்தாள். அதனைத் தனியே பிரித்து ஆராய்ந்தமைக்காக கெயிம், நோவோசெலோவ் என்னும் இருவர் 2010இல் நோபல் பரிசு பெற்றனர்.

மணல் எதற்கு என்று நீங்கள் வினவலாம். எமக்கும் அந்த ஐயம் எழுந்தது. கரி மிக நுண்ணிய தூளாயின் நீரோடு அடித்துச் செல்லப்படும். அல்லது வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். மணலோடு ஒட்டி நின்றால் நீர் எளிதாக ஊடுருவும், கரியும் தங்கும். ஒட்டுவதற்குத் தனியே பசை எதுவும் வேண்டியிருக்கவில்லை. சர்க்கரைப் பாகே பசையாயிற்று. பாகு காய்ச்சிய கரண்டியை ஊறவைக்காமல் விட்டுவிட்ட தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவர்கள் இரு மாசுகளைக் கொண்டு சோதித்தனர். ஒன்று ரோடமின் 6ஜி என்னும் சாயம். மற்றொன்று குளோர்பைரிபாசு என்னும் பூச்சிக்கொல்லி. ஒரு கிராம் பொருள் 55 மில்லிகிராம் சாயத்தையும், 48 மில்லிகிராம் பூச்சிக்கொல்லியையும் பிடித்தது. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த கிளர்வூட்டிய கரியைவிட இது மிகுதி. தகுந்த கரைப்பானாற் கழுவி மீண்டும் பயன்படுத்தவும் முடிந்தது.

இதைப் படித்த யாம், நம் ஊர்ச் சாயநீருக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே துள்ளினோம். அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் நீடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

எம் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஓர் ஆய்வு செய்தோம். உலை இல்லாமையால் அமில வழியையே மேற்கொண்டோம். அறிவியல் ஆசிரியர் தாமே கையுறை அணிந்து, திறந்த வெளியில் வைத்துச் சர்க்கரையின் மேல் அமிலம் வார்த்தார். மாணவர்கள் எட்டி நின்றனர். பொங்கி எழுந்த கரியை, லிட்மசுத் தாள் சிவக்காத வரை பலமுறை நீரிற் கழுவி, உலர்த்தி, இடித்துத் தூளாக்கினோம். இரு குப்பிகளை எடுத்துக்கொண்டோம். ஒன்றில் ஆய்வுக்கூடத்து மெத்திலீன் நீலத்தை மிக மெலிதாகக் கரைத்து ஊற்றினோம். மற்றொன்றில் பட்டுக் கழிகளைத் தோய்த்த பின் எஞ்சிய சிவப்புச் சாய நீரை ஊற்றினோம். இரண்டிலும் ஒரே எடைக் கரியை இட்டு, மாணவர்கள் முறை வைத்துக் குலுக்கினர். இரவு முழுதும் வைத்திருந்து மறுநாட் காலை வடிகட்டினோம்.

நீலக் குப்பியின் நீர் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. சிவப்புக் குப்பியின் நீர் சிவப்பாகவே இருந்தது.

அனைவரும் வாளாவிருந்தனர். அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சார், இந்தக் கரியும் ஆளு பாத்துத்தான் சேத்துக்குமா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தனர்; எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வினாவிற்கு அறிவியல் ஆசிரியர் தந்த விடையே இன்றைய எம் பேச்சின் நடுநாயகம். சாயங்கள் நீரிற் கரையும்போது சில நேர்மின் தன்மையும் சில எதிர்மின் தன்மையும் பெறுகின்றன. மெத்திலீன் நீலம் நேர்மின் தன்மையது. சென்னையில் ஆய்ந்த ரோடமின் 6ஜியும் அவ்வாறே. பட்டிற்குப் பெரிதும் பயன்படும் சாயங்களோ அமிலச் சாயங்கள். அவை நீரில் எதிர்மின் தன்மை உடையன. கந்தக அமிலத்திற் பக்குவமான சர்க்கரைக் கரியின் மேற்பரப்பும் எதிர்மின் தன்மையுடையது. எதிரும் நேரும் ஈர்க்கும். எதிரும் எதிரும் விலக்கும். ஆகவே நீலம் ஒட்டியது, சிவப்பு ஒட்டவில்லை. இதிற் சாதியும் இல்லை, சதியும் இல்லை. காரணம் தெரிந்துவிட்டால் மாற்றவும் கூடும்.

பட்டு ஏன் அந்தச் சாயத்தை ஏற்கிறது என்று நோக்கினாலே மாற்றும் வழி புலப்படும். சாயம் தோய்ப்போர் கொதிநீரில் அசெட்டிக் அமிலத்தைச் சிறிது ஊற்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த அமிலத்தால் பட்டிழை நேர்மின் தன்மை பெற்று, எதிர்மின் தன்மையுள்ள சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. கரிக்கும் இது பொருந்தும். நீர் புளிப்பாக இருந்தால் கரி அமிலச் சாயத்தை முன்னிலும் நன்றாகப் பிடிக்கும். நாங்கள் சிவப்புக் குப்பியில் சிறிது அமிலம் சேர்த்து மீண்டும் பார்த்தோம். நிறம் சற்றே குறைந்தது, போய்விடவில்லை. பின்னர்க் கடையில் விற்கும் கொட்டாங்கச்சிக் கிளர்வூட்டிய கரியை இட்டுப் பார்த்தோம். சர்க்கரைக் கரியைவிட அது நன்றாகவே செய்தது. ஆகப் பட்டுச் சாயத்திற்கு எங்கள் சர்க்கரைக் கரி தோற்றது என்பதை மறைக்காமற் குறிப்பேட்டில் எழுதச் சொன்னோம். மாணவர் சிலர் அதனை அடித்துவிடலாமா என்று கேட்டனர். கூடாது என்றோம்.

இங்கு எளிய கணக்கு ஒன்று. ஒரு கிராம் 55 மில்லிகிராம் பிடிக்குமாயின், ஒரு கிலோ 55 கிராம் பிடிக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம் உள்ள மெல்லிய கழிவாயின், ஒரு கிலோ கரி 5,500 லிட்டருக்குப் போதும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள அடர்ந்த எஞ்சிய சாயமாயின், 275 லிட்டரோடு அந்தக் கரி நிறைந்துவிடும். அதுவும் முழுத் திறனும் வெளிப்பட்டால்தான். ஆதலின் சாய உலையில் எஞ்சிய நீரை நேரே கரியிற் செலுத்துவது பேதைமை. சாயத்தை அளந்து இட்டு, எஞ்சுவதைக் குறைத்து, மீந்ததை அடுத்த தோய்ப்பிற்குப் பயன்படுத்தி, கடைசியாக வரும் மெல்லிய கழுவுநீரைக் கரியிடம் விடுவதே முறை.

சாயத்தோடு முடிவதுமில்லை. பட்டு நூலைச் சாயம் தோய்க்குமுன் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைத்து அதன் பசையை நீக்குவர். நூலின் எடையில் நாலிலொரு பங்கு வரை இந்தப் பசையே. அந்த நீரில் நிறமில்லை. ஆகையால் எவரும் அதைக் குறை கூறுவதில்லை. குட்டையிற் சேர்ந்தால் அழுகி நாற்றமெடுப்பதும், நீரிலுள்ள உயிரகத்தைத் தின்றுவிடுவதும் அதுவே. அதற்குக் கரி ஏற்றதன்று. பசை கரியின் துளை வாய்களை அடைத்துவிடும். அதனை முதலில் தொட்டிகளில் தேக்கி நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்க வேண்டும்.

உப்பு இன்னொன்று. கரைந்த உப்பைக் கரி பிடிக்காது. திருப்பூரின் துயரம் பெரும்பாலும் உப்பின் துயரமே. பருத்திக்கு இடும் சாயம் பற்றுவதற்கு உப்பை அள்ளிக் கொட்டுவர். நொய்யலாற்றில் 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீருக்கு மாறாகச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத ஏற்பாடு செய்த பின்பே இயங்கலாம் என்பது நிலை. அங்கே சவ்வு வழிச் சுத்திகரிப்பும், நீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் கொதிகலன்களும் தேவைப்பட்டன. கரி மட்டும் இருந்திருந்தால், நிறமற்ற உவர்நீர் ஓடியிருக்கும். நிறம் போய்விட்டால் மாசு போய்விட்டது என்று எண்ணுவது, நிறம் இருந்தபோது ‘நிறந்தானே’ என்று சொல்வதைப் போன்ற பிழையே.

புளோரைடையும் நைட்ரேட்டையும் சாதாரணக் கரி நீக்காது. நோய்க்கிருமிகளையும் நம்பத்தக்க வகையில் நீக்காது. நெடுநாள் மாற்றாத கரியிற் கிருமிகள் குடியேறுவதும் உண்டு. காய்ச்சிக் குடிப்பதை விட்டுவிட வேண்டா. 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவைக் கலந்த கொடுமை வெளிப்பட்டது. அதற்கு எந்த வடிகட்டியும் விடையாகாது. சட்டமே விடை சொல்ல வேண்டும். கரியின் எல்லை எது, சட்டத்தின் எல்லை எது என்று பிரித்தறியவும் நாம் பழக வேண்டியுள்ளது.

உண்ணும் சர்க்கரையைக் கரியாக்குவது முறையா என்று சங்க உறுப்பினர் ஒருவர் இன்று காலை எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர் சர்க்கரையை விரும்புவதற்குக் காரணம் அதன் தூய்மை. கொட்டாங்கச்சியிலும் மரத்திலும் சாம்பற்பொருள் உண்டு. சர்க்கரையில் இல்லை என்றே சொல்லலாம். எனவே எந்த வெப்பத்தில் எத்தகைய துளை உண்டாகிறது என்று ஐயமின்றி ஆராய முடிகிறது. ஆராய்ச்சிக்குச் சர்க்கரை, ஊர்த் தொழிலுக்குக் கொட்டாங்கச்சியும், ஆலைக் கரும்புச் சக்கையும், சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகும் என்பது எம் கருத்து. நம் மாவட்டத்தில் செய்யாற்றுக் கூட்டுறவு ஆலை போன்றவற்றிற்குக் கரும்பு விளைகிறது. கொட்டாங்கச்சியோ நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. ஆனால் குழி தோண்டிக் கொளுத்திக் கரியாக்கும் முறை, புகையையும் தாரையும் உண்டாக்கிப் பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கவல்லது. ஒரு கிணற்றைத் தூய்மை செய்ய மற்றொன்றைக் கெடுத்தல் ஆகாது.

நிறைந்துபோன கரியை என் செய்வது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. இதனை விற்பனையாளர் பலர் சொல்வதில்லை. மாசு மறைந்துவிடவில்லை, நீரை விட்டுக் கரிக்கு இடம் மாறியது, அவ்வளவே. பெருந்தொழிற்சாலைகள் மிகு வெப்பத்தில் அதனை மீண்டும் கிளர்வூட்டுகின்றன. சிறு பட்டறைக்காரர் அதனை எங்கே கொட்டுவார்? மறுபடியும் தாழ்ந்த நிலத்திலா? கழிவுநீர்த் திட்டம் என்று யார் வந்து விளக்கினாலும், நிறைந்த கரியும் படிந்த சேறும் எங்கே போகின்றன என்று நம் இளைஞர்கள் கேட்க வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரம் 2012ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி நிறம் 5 அலகுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 15 வரை பொறுக்கலாம். கரைந்த திண்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லையேல் 2,000. புளோரைடு 1 மில்லிகிராம், பொறுக்கத்தக்க எல்லை 1.5. நிறத்திற்கும் எண் உண்டு என்பதைக் கவனியுங்கள். “நிறந்தானே” என்று எம்மிடம் கேட்டவருக்கு அன்று சொல்லத் தெரியாத விடை இதுதான். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ஆம் ஆண்டிலும், நம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982ஆம் ஆண்டிலும் தோன்றின. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் நீரைச் சோதிக்கலாம். அரசு ஏற்கெனவே செய்த சோதனையின் முடிவு வேண்டுமாயின், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டுப் பெறலாம்.

நம் சங்கம் தோன்றிய நாளில், பத்தாம் வகுப்புத் தேறுவதையே பெரிதாகக் கொண்டாடினோம். இன்று இந்த அவையில் வேதியியற் பட்டதாரிகள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களில் இருவர் முன்வந்தால் போதும். சங்கக் கட்டடத்தின் பின்னறையில் ஓர் அலமாரியும் மேசையும் ஒதுக்கித் தரத் தலைவர் இசைந்துள்ளார். அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று நம் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள கிணறு, கைப்பம்பு, குட்டை ஆகியவற்றில் நீர் எடுக்கத் தொடங்குவோம். மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் எடுத்தால்தான் ஒப்பிட இயலும். குப்பிகளை அதே நீரால் மும்முறை அலம்பி நிரப்புக. கிருமிச் சோதனைக்கு உரிய குப்பியை மட்டும் அலம்பலாகாது. ஆய்வுக்கூடம் தூய்மை செய்து தருவதை அப்படியே நிரப்ப வேண்டும். ஒவ்வொரு குப்பியின்மேலும் ஊர், நீர்நிலை, நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகிய ஐந்தும் மையால் எழுதப்படுதல் வேண்டும்.

கரி ஆய்வைத் தொடர விரும்பும் மாணவர்க்கு, எம் மன்றக் குறிப்பேட்டின் படி ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்துள்ளோம். தோற்ற சிவப்புக் குப்பியின் குறிப்பு பதினோராம் பக்கத்தில் உள்ளது. கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது மேல்நிலையில் வேதியியல் எடுத்திருக்கிறாள். கொட்டாங்கச்சிக் கரியில் அமிலத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிறாள். பெயர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் நூலக வாயிலில் எம்மையோ அவளையோ காணலாம்.